பட்டா ரத்தானால் பயிர் காயுமா?

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தடைகளின் 18ஆவது தொகுப்பை வெளியிட்டது. அதில் ஓர் இந்தியப் பெயரும் இருந்தது: குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ராஸ்நெஃப்டுக்கு அதில் 49.13 சதவீதப் பங்கு உண்டு. அடுத்த சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் நயாராவின் அவுட்லுக், டீம்ஸ் சேவைகளை நிறுத்தியது. ஐ.நா. விதிக்காத தடைகளை ஏற்பதில்லை என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அது மின்னஞ்சலைக் காப்பாற்றவில்லை. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, மாதம் முடிவதற்குள் சேவை திரும்பியது.

பீதி மட்டும் திரும்பிப் போகவில்லை. ‘இன்று மின்னஞ்சல், நாளை ஐபி எண்ணையே பிடுங்கிவிட்டால்? நாடே இருண்டுவிடுமே!’ என்று பேச்சு கிளம்பியது. எங்கோ ஒரு மேசையடியில் இணையத்தின் மெயின் சுவிட்ச் இருப்பதுபோல.

இணையத்தில் முகவரியாக விளங்கும் இந்த ஐபி எண்களின் வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். தொடக்கத்தில் எந்த எண் யாருக்கு என்ற கணக்கை அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்ற ஒருவரே பார்த்துக்கொண்டார். வேலை பெருகவே ஐந்து வட்டாரப் பதிவகங்கள் வந்தன. ஐரோப்பா, மேற்காசியா, நடு ஆசியாவுக்கு ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைப் என்சிசி. நமக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலுள்ள ஏபினிக். அதன்கீழ் 2012 முதல் இந்தியாவில் எண் வழங்குவது இந்திய தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்சியின் ஐரின் பிரிவு.

இனி, ஒரு பதிவகம் பதிவை அடித்துவிட்டால் உண்மையில் என்ன ஆகும்?

மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களை எடுத்துக்கொள்வோம். சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கர் அவற்றை நம்பியிருக்கிறது. நிலம் யாருடையது என்ற கணக்கு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. தண்ணீரைத் திருப்புவதோ மதகடியில் நிற்கும் லஸ்கர். பதிவகம்தான் தாலுகா அலுவலகம், தகவலுக்கு வழிகாட்டும் ரவுட்டர் கருவிகள்தான் லஸ்கர்கள். ‘இந்த எண்கள் என் பக்கம் இருக்கின்றன’ என்று ஒரு நெட்வொர்க் குரல் கொடுத்தால், அடுத்தடுத்த ரவுட்டர்கள் அதை நம்பித் தகவலை அந்தப் பக்கம் திருப்பும். அலுவலகத்தில் பட்டாவை ரத்து செய்தாலும் லஸ்கர் வழக்கம்போல மதகைத் தூக்குவார். பயிர் காயாது.

நம்பிக்கையில் ஓடும் வாய்க்காலில் வேறு வில்லங்கம் உண்டு. 2008 பிப்ரவரியில் யூடியூபைத் தன் நாட்டுக்குள் மறைக்கப் பாகிஸ்தான் டெலிகாம் செய்த அறிவிப்பு வெளியே கசிந்து, சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்காமல் போனது. பக்கத்து வயல்காரர் இரவோடு இரவாகத் தன் பக்கம் மடை வெட்டிக்கொண்ட கதைதான்.

இதற்கு மருந்தாக வந்ததே ஆர்பிகேஐ. பதிவகம் எண்களுக்குக் கணினி முத்திரையிட்ட சான்று தருகிறது; லஸ்கர் இப்போது முத்திரை வைத்த பட்டா நகலைப் பார்க்கிறார். அவருக்குக் கிடைக்கக்கூடிய பதில்கள் மூன்று. கேட்பவர் பெயரிலேயே பட்டா இருந்தால் மதகு திறக்கும். அந்த நிலத்துக்குப் பட்டாவே இல்லையென்றாலும் பழைய வழக்கப்படி திறக்கும். பட்டா வேறொருவர் பெயரில் இருந்தால் மட்டும் மூடும். சூட்சுமம் இங்கேதான். சான்றை ரத்து செய்தால் அந்த எண்கள் இரண்டாவது பதிலுக்குத்தான் இறங்கும், தண்ணீர் நிற்காது. அதே நிலத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றி அவருக்குப் புதுச் சான்று கொடுத்தால்தான் பழையவரின் மதகு மூடும். அப்போதும் எல்லா மதகும் மூடாது. சில லஸ்கர்கள் நகலைக் கேட்பதே இல்லை. முத்திரை வந்த பிறகு தாலுகா அலுவலகத்தின் கை முன்பைவிட நீண்டிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

நடைமுறையில் அந்தக் கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது? பழைய வகை ஐபி எண்களான ஐபிவி4 எண்கள் மொத்தமே சுமார் 430 கோடிதான். தலைமைக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. இன்று அவை விலைக்குக் கைமாறுகின்றன. விலை இருப்பதால் நெதர்லாந்து அரசு அவற்றைப் ‘பொருளாதார வளம்’ என்று கருதுகிறது. ஆகவே ஐரோப்பியத் தடைப் பட்டியலில் சிக்கிய உறுப்பினரின் பதிவை ரைப் முடக்கி வைக்கிறது: புது எண் கிடையாது, இருப்பதை விற்கவும் முடியாது. பதிவை அழிப்பதில்லை, எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா-உக்ரைன் போர் மூண்ட வேகத்தில், ரஷ்யாவின் டொமைன்களை நீக்கும்படி இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேனையும், ரஷ்ய உறுப்பினர்களின் எண்களைப் பறிக்கும்படி ரைப்பையும் உக்ரைன் கேட்டது. இரண்டு அமைப்புகளுமே மறுத்துவிட்டன. ஆனால் அமெரிக்காவின் கோஜென்ட் நிறுவனம் மார்ச்சில் தன் ரஷ்ய வாடிக்கையாளர்களின் இணைப்பைத் தானே துண்டித்தது. உண்மையில் கத்தரிக்கோல் எடுத்தது பதிவகம் அல்ல, வணிக ஒப்பந்தம். நயாரா விஷயத்திலும் அதுவே நடந்தது.

இந்திய எண்களின் சான்றிதழ்ச் சங்கிலியும் பிரிஸ்பேனில்தான் வேர் விடுகிறது, அங்கே ஆஸ்திரேலியச் சட்டம்தான் செல்லும். ‘இந்தியாவுக்கெனத் தனிப் பதிவகம் வேண்டும்’ என்று முழங்குவோர் இதையே காட்டுவார்கள். அப்படியொன்று இருந்திருந்தாலும் நயாராவின் அவுட்லுக் அந்த ஜூலையில் நின்றேதான் போயிருக்கும். நிறுவனங்கள் முதலில் புரட்ட வேண்டியது மென்பொருள் ஒப்பந்தங்களை. சொந்த எண் வைத்து இணையம் கொடுக்கும் சேலம், நாமக்கல் பக்கத்துச் சிறு நிறுவனங்களோ தங்கள் எண்களுக்கு ஆர்பிகேஐ சான்று இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.