விசையுந்துப் பொறியில் எண்ணெய்க் கசிவு

விசையுந்துப் பொறியில் எண்ணெய்க் கசிவு என்பது, உராய்வைக் குறைக்கும் எண்ணெய் பொறியின் இணைப்புகள் வழியே வெளியேறுவதாகும். பழைய பொறிகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. கசியும் எண்ணெய் பின்சக்கரத்தில் பட்டால் வண்டி சறுக்கக்கூடும். எண்ணெய் மிகவும் குறைந்தால் பிஸ்டன் உருளைக்குள் இறுகிவிடும்.

காரணங்கள்

புதிய பேக்கிங் இட்ட பின்னும் கசிவு தொடர்ந்தால், கிராங்க் அறையின் அழுத்தமே பெரும்பாலும் காரணமாகும். எடுத்துக்காட்டாக, திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியின் பொறி, 346 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றை உருளைப் பொறியாகும். பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறையின் கன அளவு அதே அளவு குறைகிறது. அக்காற்று பிரீதர் குழாய் வழியே வெளியேற வேண்டும். குழாய் அடைபட்டாலோ, அதிலுள்ள ஒருவழி ரப்பர் வால்வு பழுதடைந்தாலோ, அழுத்தம் உயர்ந்து எண்ணெயை இணைப்புகள் வழியே தள்ளும். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள், அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய் ஆகியனவும் கசிவைக் கூட்டும்.

கண்டறிதல்

பொறியை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, முகப்பூச்சு மாவைத் தூவிச் சிறிது நேரம் இயக்கினால், மாவு முதலில் நனையும் இடம் கசிவின் தொடக்கமாகும். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதாலும் காற்றால் பின்தள்ளப்படுவதாலும், சொட்டும் இடம் கசியும் இடமாக இருப்பதில்லை.

சரிசெய்தல்

முதலில் பிரீதர் குழாயையும் வால்வையும் சீராக்க வேண்டும். அதன் பின்னரே மூடியைக் கழற்றி, சமதளக் கண்ணாடி மீது வைத்து அதன் விளிம்பு வளைந்துள்ளதா எனச் சோதிக்கலாம். பரப்புகளில் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்த பிறகு புதிய பேக்கிங் இட்டு, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மிகையாக முடுக்கினால் மூடி வளைந்து கசிவு அதிகரிக்கும்.