கெதூபா: அன்றும் இன்றும்

2ஆம் நூற்றாண்டில் போருக்கு அஞ்சிச் சாக்கடல் அருகே ஒரு குகையில் ஒளிந்த பாபதா என்ற யூதப் பெண், தன் பத்திரங்களைத் தோல்பையில் கட்டி உடன் எடுத்துச் சென்றாள். 1961இல் அந்தக் கட்டு கிடைத்தது. அவளுடைய கெதூபாவும் அதில் இருந்தது.

கெதூபா யூதர்களின் மணவொப்பந்தம். மணமுறிவு நேர்ந்தாலோ கணவன் இறந்தாலோ மனைவிக்கு இன்ன தொகை சேரவேண்டும் என்று கணவன் பொறுப்பேற்கும் பத்திரம் அது. கன்னிப்பெண்ணுக்கு 200 சூஸ் (பழைய வெள்ளி நாணயம்), விதவைக்கு 100. அரமேய வாசகம் ஊருக்கு ஊர் பெரிதும் மாறவில்லை, மாறியது அலங்காரம்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியக் குடும்பங்கள் தோல்தாளில் சித்திரவேலைக்குப் போட்டி போட்டுச் செலவழித்தன. சில இடங்களில் சமூகத் தலைவர்கள் அதற்கு வரம்பு கட்டவேண்டியிருந்தது.

மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த அஷ்கெனாசி யூதர்களிடம் வழக்கம் ஒன்று உண்டு. எழுத்தர் ஒரு சொல்லில் கோஃப் என்ற எபிரேய எழுத்தின் காலை மட்டும் எழுதாமல் விட்டுவைப்பார். மணநாளில், சாட்சிகள் பார்க்க, மணமகன் கைக்குட்டையைப் பிடித்துத் தூக்கிப் பொறுப்பை ஏற்பான். அதன் பிறகே அந்தக் கோடு இழுக்கப்படும். உறவினரல்லாத இருவர் கையொப்பமிட, பத்திரம் மணமகளிடம் போய்ச் சேரும்.

பின்னர் அச்சுப் படிவம் வந்தது. பெயரும் தேதியும் நிரப்பினால் போதும் என்றாயிற்று. கைவேலை மீண்டது 1970களில். 'நீங்களே செய்யலாம்' என்று யூத வாழ்வை இளையோருக்குக் கற்பித்த 'தி ஜூயிஷ் கேட்டலாக்' 1973இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்று எபிரேய எழுத்துரு கணினியிலேயே கிடைக்கிறது. அமிலமற்ற தாளில் அச்சிட்டு, மணமக்களே வண்ணம் தீட்டிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

வாசகத்தையும் பலர் தாங்களே எழுதுகிறார்கள். அன்று கணவன் மட்டுமே பேசினான்; இன்று இருவரும் ஒருவருக்கொருவர் வாக்களிக்கிறார்கள். யூத இறையியலாளர் ரேச்சல் ஆட்லர் 1998இல் தம் நூலில், பெண்ணைக் கைக்கொள்ளும் முறையை விட்டு, கூட்டாளிகளின் உடன்படிக்கையாகவே திருமணத்தை வகுத்துக் காட்டினார். இந்தச் சமத்துவம் பெரிய நீதி. ஆனால் அன்பும் நட்பும் நிறைந்த புதிய வாசகங்கள் பலவற்றில் தொகையும் இல்லை, கடனும் இல்லை. அத்தகைய வரிகள் வெறும் சடங்கல்ல: கெதூபாவில் இருந்த ஒரு நிபந்தனையை வைத்தே, மணமுறிவு வழக்கு ஒன்றில் கணவன் யூத நீதிமன்றத்தின் முன் வரவேண்டும் என்ற கடமையை நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் ஏற்றுக்கொண்டது.

சொந்தமாகக் கெதூபா எழுதுவோர் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் எழுதட்டும்; பிரிய நேர்ந்தால் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்ற வரியை மட்டும் விட்டுவிடக் கூடாது.