மொட்டை மாடியில் விளையும் மின்சாரம்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்வோர், சன்னல் வழியே கூரைகளைச் சற்று நிமிர்ந்து நோக்குவாராயின், அண்மை ஆண்டுகளில் நேர்ந்துள்ள மாறுதலைக் கண்டுகொள்வர். நூற்பாலைகளின் நீண்ட கூரைகளிலும், விசைத்தறிக் கூடங்களின் மேலும், சாதாரண மாடி வீடுகளிலும் கருநீலத் தகடுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. வடகமும் வற்றலும் காய்ந்த மொட்டை மாடியில் இன்று மின்சாரம் விளைகின்றது. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில் தறிகள் நின்று, கூலி இழந்து தவித்த குடும்பங்களை அறிந்தோர்க்கு இது மகிழ்ச்சி தரும் காட்சியே.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் இம்மாறுதலை விரைவுபடுத்தியுள்ளது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கின்றது. 3 கிலோவாட் அமைப்புக்குச் சுமார் 300 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் அது 12 யூனிட் அளவுக்கு மின்சாரம் தரும். நகையை அடகு வைத்தேனும் அமைத்துக்கொள்ள எண்ணுவோர் உளர்.

ஆயின், நாம் காணும் குறை ஒன்று உண்டு. தகடு எந்தக் கம்பெனியுடையது, விலை என்ன, மானியம் எப்போது வரும் என்றெல்லாம் விசாரிக்கும் குடும்பத் தலைவர்கள், அத்தகடுகளை இணைக்கும் கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குபவர் கயிற்றைப் பார்ப்பதில்லை அன்றோ? மாட்டுச் சந்தையில் அது பெருங்குறையன்று. மின்சாரத்தில் அப்படியன்று.

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் வருவது மாறுதிசை மின்னோட்டம், 230 வோல்ட். தகட்டிலிருந்து வருவதோ நேர்திசை மின்னோட்டம். 540 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ 49 வோல்ட் அழுத்தம் தரும். அவ்வளவில் அஞ்சத்தக்கது அதிகமில்லை. ஆனால் ஆறு தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாலைபோல் கோக்கும்போது அழுத்தங்கள் கூடி 300 வோல்ட்டை நெருங்கும். ஆலைக் கூரைகளில் 1,000 வோல்ட் வரையும் செல்வதுண்டு. மாறுதிசை மின்னோட்டம் ஒரு வினாடியில் நூறு முறை சுழியத்தைத் தொட்டு மீள்கின்றது. ஆகவே தொடர்பு விட்ட இடத்தில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். நேர்திசை மின்னோட்டத்துக்கு அத்தகைய ஓய்வு இல்லை. விலகிய இரு முனைகளுக்கிடையே எழுந்த பொறி, வெல்டிங் பட்டறையில் நாம் கண் கூசிப் பார்க்கும் சுடர்போல, வெயில் உள்ளமட்டும் நின்று எரியக்கூடும்.

பியூஸ் போய்விடாதா என வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டில் இரு கம்பிகள் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கின்றது. பியூஸ் உடனே உருகிவிடும். சூரியத் தகட்டின் தன்மை வேறு. வழக்கமாக 13 ஆம்பியர் தரும் தகடு, முனைகள் இரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டாலும் 14 ஆம்பியர் அளவே தரும். பொறி பறக்கும்போதும் பியூஸுக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும்! எனவே பழுது நேர்ந்தபின் காக்கும் கருவியை மட்டும் நம்பாமல், பழுது நேராத இணைப்பையே நாட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அந்த இணைப்பு எங்கே இருக்கின்றது? தகட்டின் அடியில், விரல் அளவேயான ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உறையில். எம்.சி.4 என்னும் இவ்வகை இணைப்பானை முதலில் செய்தது மல்ட்டி காண்டாக்ட் என்ற சுவிஸ் நிறுவனம். உள்ளே இருக்கும் ஊசியின் தடிமன் 4 மில்லிமீட்டர் என்பதால் அப்பெயர். ஒழுங்காகச் செய்யப்பட்ட இணைப்பில் மின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 13 ஆம்பியர் பாய்ந்தாலும் அதில் சூடு ஏறுவதில்லை. அதே இணைப்பில், உரிய கருவியின்றிச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கிய காரணத்தால், தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்காக உயர்ந்ததெனக் கொள்வோம். 13ஐ 13ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 17 வாட். ரேடியோ பழுது பார்ப்போர் வைத்திருக்கும் சால்டரிங் இரும்பு ஏறத்தாழ 25 வாட்! விரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அதற்குச் சற்றே குறைந்த ஒன்றைப் பகல் முழுதும் எரியவிடுவது போன்றதே இது.

இன்னொரு பிழை, பார்வைக்குத் தெரியாதது. ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறொரு கம்பெனியின் பெண் முனையோடு செருகுவது. "டிக்" என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ளும். வேலை செய்பவரும் பொருந்திவிட்டது என்பார். ஆனால் உள்ளே உலோகமும் அளவும் மயிரிழை மாறுபடும். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும், மழையில் ஈரம் ஏறியும், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் குணம் வெளிப்படலாம்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம், தன் ஏழு கடைகளின் கூரைகளில் சூரியத் தகடுகளால் தீப்பற்றியதென்று டெஸ்லா நிறுவனத்தின்மீது 2019 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. கவனமற்ற நிறுவுதலும் தளர்ந்த இணைப்புகளும் அதில் குற்றச்சாட்டுகளாயின. அவ்வாண்டு நவம்பரில் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டனர். ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதனினும் வியப்பானது. பாதுகாப்புக்கென ஒவ்வொரு கூரையிலும் தகடுகளின் அருகே ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைக்க வேண்டுமென்று அங்கே விதி இருந்தது. அந்தச் சுவிட்சுப் பெட்டிகளுக்குள்ளேயே மழைநீர் புகுந்து பல வீடுகளில் தீ மூண்டது. பின்னர் 2021ஆம் ஆண்டின் புதிய தரவிதியில் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. காவலுக்கு வைத்ததே களவு செய்த கதைதான். பெட்டியின் மேற்பக்கத்தில் துளையிட்டுக் கம்பியை உள்ளே விடும் வழக்கத்தை நம் ஊரிலும் காண்கிறோம். கம்பி கீழிருந்தே பெட்டிக்குள் நுழைய வேண்டும். மழை மேலிருந்து பெய்கின்றது என்பதை எவருக்கும் கற்பிக்கத் தேவையில்லை.

கம்பிகளைப் பற்றியும் ஒன்று. சூரியத் தகட்டுக்கென்றே ஈயம் பூசிய செம்பு இழைகளும் வெயிலைத் தாங்கும் இரட்டை உறையும் கொண்ட கேபிள் உண்டு. அதற்குப் பதிலாக மீந்துபோன வீட்டு ஒயரை இழுத்து, நடுவில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விடுவோர் உளர். நம் வட்டாரத்துச் சித்திரை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிய எத்தனை நாள் ஆகும்? ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டின் புகழ்பெற்ற சாம்பல் நிற அணில் நம் மாடிக்கு வருவதில்லை. வீட்டு அணிலும் எலியும் போதும், குரங்கும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. தரையில் கிடக்கும் கேபிள்தான் அவற்றின் விளையாட்டுப் பொருள். குழாய்க்குள் செலுத்தி, தளத்தைத் தொடாதபடி சட்டத்தில் கட்டிவிடுவதே முறை.

பஞ்சோடு வாழும் ஊர் இராஜபாளையம். சத்திரப்பட்டியின் பாண்டேஜ் துணியும், ஆலைகளின் நூலும் நம் மக்களின் சோறு. பறக்கும் பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்பதை ஆலைத் தொழிலாளர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆதலால் தறிக்கூடத்தின் கூரையில் தகடு அமைப்போர், இன்வெர்ட்டரைப் பஞ்சும் கழிவும் குவியும் அறையில் மாட்டுவது எவ்வகையிலும் தகாது.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு முன் எர்த் இணைப்பைக் கவனித்தல் நலம். தகட்டுச் சட்டங்களுக்கும், இன்வெர்ட்டருக்கும், இடிதாங்கிக்கும் முறையான எர்த் வேண்டும். இடிதாங்கியின் கம்பி தனியே நேராகக் கீழிறங்க வேண்டும். பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு "எர்த் கொடுத்தாயிற்று" என்பாரை நம்பலாகாது; மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தாய்மார்கள் பலர் நம்மிடம் கேட்பது: "சாமி, மாடியில் இவ்வளவு வெயில் இருந்தும் கரண்ட் போனால் வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?" ஏமாற்று அன்று. பேட்டரியின்றி மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடுமாறு செய்யப்பட்டுள்ளது. நில்லாதாயின், கம்பம் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் கைக்கு நம் மாடி மின்சாரம் போய்ச் சேரும். அவருக்கும் மனைவி மக்கள் உண்டு. இந்த ஏற்பாட்டை மீறிக் குறுக்கு வழியில் ஒயர் இழுத்துத் தருவதாகச் சொல்லும் கைவண்ணக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மின்வெட்டிலும் விளக்கு வேண்டுமெனில், பேட்டரியோடு அதற்கென்றே உள்ள இன்வெர்ட்டரைப் பொருத்துவதே வழி.

வேலை முடிந்து பணம் கொடுக்குமுன் மாடிக்கு ஏறிப் பாருங்கள். முனைகள் இரண்டும் ஒரே கம்பெனியா, கிரிம்ப்பிங் கருவி கொண்டு வந்தார்களா, நேர்திசை மின்னோட்டத்துக்கென்றே உள்ள பிரேக்கரா எனக் கேளுங்கள். விலை மலிவென்று சாதாரண வீட்டுப் பிரேக்கரை மாட்டுவோர் உளர், அது பொறியை அணைக்காது. 5 ஆண்டுப் பராமரிப்பை எழுத்தில் வாங்குங்கள். பகலில் எக்காரணம் கொண்டும் இணைப்பானைக் கையால் பிடுங்க வேண்டாம். தீ எனக் கண்டால், மீட்டர் அருகே உள்ள மெயினை நிறுத்துங்கள். எட்டக்கூடிய பாதுகாப்பான இடத்தில் இருப்பின் இன்வெர்ட்டரின் சுவிட்சையும் நிறுத்துங்கள். தகட்டின்மேல் வாளித் தண்ணீர் ஊற்றாதீர்கள். 101ஐ அழைத்து, கூரையில் சூரியத் தகடு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெயினை நிறுத்திய பின்னும், வெயில் உள்ளவரை அந்தக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும் என்பதைத் தீயணைப்பு வீரர் ஏணி வைக்குமுன் அறிந்திருக்க வேண்டும்.