ஐந்தாஞ் சில்லு வீடு: பெயரைப் பார்ப்பதா, பாரத்தைப் பார்ப்பதா?

மனிதனுக்கு வீடும் வேண்டும்; வீதியும் வேண்டும். ஓரிடத்திற் கூரையமைத்து நிலைபெற விரும்பும் அவனே, ஊரூராகச் சென்று உலகைக் காணவும் விரும்புகிறான். இவ்விரு ஆசைகளையும் ஒருங்கே நிறைவேற்ற எண்ணிய அமெரிக்கர், வீட்டையே வண்டியாக்கிக் கொண்டனர். படுக்கையறை, அடுக்களை, குளியலறை, குளிர்சாதனப் பெட்டி யாவும் அமைந்த அவ்வண்டிவீடுகளுள் பெரியதொரு வகைக்கு 'ஐந்தாஞ் சில்லு' என்று பெயர். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் உறவினர் அனுப்பும் படங்களில் இவை தலைகாட்டுவதுண்டு. இளைப்பாறிய தம்பதியர் சிலர், இருந்த வீட்டை விற்று அப்பணத்தில் இதனை வாங்கி, ஆண்டு முழுவதும் இதிலேயே வாழ்கின்றனர். ஆகவே, எதை வாங்குவது என்னும் வினா அவர்களுக்குப் பொழுதுபோக்கு வினாவன்று. ஆயுட்காலச் சேமிப்பையும், சிலவேளை உயிரையும் பற்றிய வினாவாகும்.

பெயர் வந்த வரலாறு

நான்கு சில்லுக் குதிரை வண்டிகளில், முன்னச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அதன்மேற் கிடையாக ஒரு வட்டத் தட்டை அமைத்தனர். நிலத்தைத் தொடாத அத்தட்டே ஐந்தாஞ் சில்லு எனப்பட்டது. பின்னர், பாரலொறியோடு இழுவைப் பெட்டியை இணைக்கும் தட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. விமானத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிளென் கேர்ட்டிஸ், 1920களின் பிற்பகுதியில் 'ஏரோகார்' என்னும் இழுவை வீட்டை அமைத்தபோது, காரின் பின்பகுதியில் விமான ரயர் ஒன்றைக் கிடையாக வைத்து அதிலே வீட்டை இணைத்தார். இன்றைய வண்டிவீடுகளுக்கு அதனையே மூதாதை என்பர்.

சாதாரணக் கரவன், இழுக்கும் வண்டியின் பின்புற விளிம்பிலே கொளுவப்படுகிறது. அவ்விடம் பின்னச்சிலிருந்து விலகியிருப்பதால், பக்கக் காற்று அடிக்கும்போது கரவன் ஒரு நெம்புகோல்போலச் செயற்பட்டு, இழுக்கும் வண்டியை அலைக்கழிக்கும். ஐந்தாஞ் சில்லு வீட்டிலோ, அதன் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கும் உருக்கு முளையொன்று, பிக்கப் வண்டியின் சுமைத்தட்டில், பின்னச்சுக்கு நேர்மேலாகவோ சற்று முன்னாகவோ பூட்டப்படுகிறது. அதனால் அலைவு பெரிதுங் குறைகிறது. பௌதிகம் பயிலும் மாணவர் இதனைக் காகிதத்தில் வரைந்து பார்த்தால் உண்மை எளிதில் விளங்கும்.

பெயர்கள் பல, தாயகம் ஒன்று

'எந்தப் பெயர் நல்லது?' என்பதே வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி. மொன்டானா, கூகர், ஈகிள், சீடர் கிறீக், சொலிற்றியூட் என்று பெயர்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் பிறப்பிடத்தைத் தேடிச் சென்றால் வியப்பொன்று காத்திருக்கும். இவற்றுட் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரிலும் அதன் அயலிலுமே உருவாகின்றன.

உடைமையாளரும் சிலரே. 1980இல் ஏர்ஸ்ட்ரீம் கொம்பனியை வாங்கித் தொடங்கிய தோர் நிறுவனம், 2001இல் கீஸ்டோனையும், 2010இல் ஹார்ட்லண்டையும், 2016இல் ஜெய்கோவையும் தனதாக்கியது. மொன்டானாவும் கூகரும் கீஸ்டோனின் பெயர்கள். ஈகிள் ஜெய்கோவின் பெயர். கடைவீதியிற் போட்டியாளராகத் தோன்றுவோர் கணக்கேட்டில் உடன்பிறந்தாராய் இருக்கின்றனர். சீடர் கிறீக்கைச் செய்யும் ஃபொறஸ்ட் றிவர் 1996இல் தோன்றி, 2005இல் பேர்க்‌ஷயர் ஹதவேயின் உடைமையாயிற்று. அக்கொம்பனியின் றொக்வூட், ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் இரு பெயர்களும் இரட்டைப் பிள்ளைகள்போலப் பெரிதும் ஒத்தவை. சொலிற்றியூட்டைச் செய்யும் கிராண்ட் டிசைன் 2012இல் தொடங்கி, 2016இல் வின்னபாகோவிடம் சேர்ந்தது.

இன்னும் உள்ளே செல்வோம். வீட்டைத் தாங்கும் உருக்குச் சட்டத்தைப் பல கொம்பனிகள் லிப்பேர்ட் என்னும் ஒரே நிறுவனத்திடமிருந்து பெறுகின்றன. குளிர்சாதனப் பெட்டி, காற்றுச் சீராக்கி முதலியனவும் டொமெற்றிக் போன்ற சில நிறுவனங்களிலிருந்தே வருகின்றன. பெயர்ப்பலகை மாறினாலும் எலும்பும் நரம்பும் பெரும்பாலும் ஒன்றே.

அப்படியாயின் பெயர்களுக்கிடையே வேறுபாடே இல்லையா? உண்டு. சுவரின் தடிப்பு, குளிர்காப்பு, கூரைத்தாளின் தரம், அச்சுகளின் வலிமை, ரயரின் தாங்குதிறன் ஆகியவற்றில் உண்டு. ஆனால் இவை ஒரு கொம்பனியின் மலிவான மாதிரிக்கும் உயர்ந்த மாதிரிக்கும் இடையிலும் வேறுபடும். ஒரே மாதிரியின் இரு வண்டிகளுக்கிடையிலும் கைவேலை வேறுபடும். செய்த ஆண்டையும் நோக்குதல் வேண்டும். 2021இல் எல்லா வகைச் சுற்றுலா வண்டிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கு மேல் அமெரிக்கத் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. 2023இல் அத்தொகை ஏறத்தாழ 3 இலட்சமாகச் சுருங்கியது. கேள்வி பெருகிக் கைகள் விரைந்த காலத்துப் பொருளைக் கூடுதற் கவனத்தோடு சோதிப்பதே அறிவுடைமை.

பாரக் கணக்கு

மயிலிறகானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அமெரிக்க வீதிகளுக்கும் அவ்விதி பொருந்தும்.

விற்பனைத் தாளில் முதலிற் கண்ணிற் படுவது வெறும்பாரம். அது நீரும் பொருளும் ஏற்றாத பாரம். நாம் நோக்க வேண்டியது, ஏற்றியபின் இருக்கத்தக்க உச்சப் பாரத்தை. உதாரணமாக, வெறும்பாரம் 12,000 இறாத்தலும் உச்சப் பாரம் 14,000 இறாத்தலும் உடைய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 2,000 இறாத்தல். அதன் தொட்டியில் 60 அமெரிக்கக் கலன் நீர் நிரப்பினால், கலனுக்கு 8.3 இறாத்தல் வீதம், ஏறத்தாழ 500 இறாத்தல் போய்விடும். எஞ்சிய 1,500 இறாத்தலுக்குள், அதாவது சுமார் 680 கிலோவுக்குள், துணிமணி, பாத்திரம், நூல்கள், கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு வண்டியிற் குடியேறுவோருக்கு இது பெரிய அளவன்று.

அடுத்தது முளைப்பாரம், வீட்டின் பாரத்தில் இழுக்கும் வண்டியின்மேல் நேராக அமரும் பங்கு இது. ஐந்தில் ஒரு பங்கென்று கொண்டால், 14,000இல் 2,800 இறாத்தலாகும். அதனோடு பூட்டுக் கருவி 200, கணவன் மனைவி இருவர் 350, சில்லறைப் பொருள் 150 என்று கூட்டினால் 3,500 வருகிறது. பிக்கப்பின் சாரதிக் கதவோரத்தில் ஒட்டப்பட்ட சீட்டு, அவ்வண்டி ஏற்றத்தக்க சுமை 2,500 என்று கூறுமாயின், 1,000 இறாத்தல் மிகை! வண்டி இழுக்காது என்பதன்று பொருள், இழுக்கும். மலையிறக்கத்தில் தடையை மிதிக்கும்போதும், வெயிலிற் காய்ந்த ரயர் கொதிக்கும்போதுமே மிகைப் பாரத்தின் விலை தெரியும். 'இது எதையும் இழுக்கும்' என்று கூறும் விற்பனையாளரின் வாய்மொழியைவிட அக்கதவோரச் சீட்டே நம்பத்தக்க சாட்சி. ஆதலால், பிக்கப் ஏற்கெனவே கைவசம் இருப்பின் அதற்கேற்ற வீட்டையும், வீட்டை முதலில் விரும்பினால் அதற்கேற்ற பிக்கப்பையும் தேர்தல் வேண்டும். இரண்டையும் தனித்தனியே தேர்வது ஆபத்து.

கண்ணாலும் கையாலும் சோதித்தல்

இவ்வண்டிகளின் பெரும்பகை நீர். கூரையின் இணைப்புகளிற் பூசிய பசை வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். நார்க்கண்ணாடித் தகடு ஒட்டிய சுவராயின், நீர் பட்டதும் ஒட்டு விட்டுக் கொப்புளம்போல எழும்பும். ஆகவே, வாங்குவோர் கூரையைப் பார்க்க வேண்டும். மூலைகளில் தரையை அழுத்திப் பார்க்க வேண்டும். அலுமாரிகளைத் திறந்து பூஞ்சண வாடையை முகர வேண்டும். குனிந்து சட்டத்தின் ஒட்டுவேலையையும் நோக்க வேண்டும். பக்கவாட்டில் நீளும் அறைப்பகுதிகளை இயக்கியும், குழாய்களில் நீரை ஓடவிட்டும் பார்க்க வேண்டும். ரயரிற் பொறித்த இலக்கத்தின் இறுதி நான்கு எண்களும் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

கதவருகே காணப்படும் தொழிற்றுறைச் சங்க முத்திரையைத் தரச் சான்றெனச் சிலர் மயங்குகின்றனர். மின்சாரம், எரிவாயு, நீர்க்குழாய், தீப்பாதுகாப்பு ஆகிய விதிகளுக்கு அமைந்தது என்பதையே அது குறிக்கும். கைவேலை செவ்விது என்று அது சொல்லவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகத்தின் பதிவுகளில், கொம்பனியின் பெயர், மாதிரி, ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு, திருத்தத்திற்காக மீள அழைக்கப்பட்ட வண்டிகளையும் பிறர் செய்த முறைப்பாடுகளையும் கட்டணமின்றிக் காணலாம். விற்பவரோடு தொடர்பற்ற சோதனையாளர் ஒருவரை அமர்த்துவதும் வீண்செலவன்று.

உத்தரவாதப் பத்திரத்தை ஒப்பமிடுமுன் படிக்க வேண்டும். வண்டியையே நிரந்தர வாசத்தலமாகக் கொள்வோருக்கு உத்தரவாதம் இல்லையெனக் கூறும் பத்திரங்கள் பல உண்டு. யாருக்கு அது மிகவும் தேவையோ அவரையே அச்சிற்றெழுத்து விலக்கிவிடுகிறது. பழுதுபார்க்கும் முகவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், எவ்வளவு காலம் காக்க வைப்பார் என்பதையும் வினவ வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் வாரங்களில், அதில் வாழ்வோருக்கு வீடே இல்லையல்லவா?

புதியதுதான் வேண்டுமென்பதும் இல்லை. இவ்வண்டிகளின் விலை முதல் ஆண்டுகளிலேயே விரைந்து இறங்கும். முதல் உடைமையாளர் பேணிப் பாவித்து, பிறவிக் குறைகளைத் திருத்திக்கொண்ட சில ஆண்டு வயதுடைய வண்டி, புதியதினும் நம்பத்தக்கதாய் அமைதல் உண்டு.

மாடு வாங்கச் செல்லும் நம் ஊர்க் கமக்காரன் அதன் பட்டியின் பெயரை மட்டுங் கேட்டுத் திரும்புவதில்லை. பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டும் பார்க்கிறான். வண்டிவீடு வாங்குவோருக்கும் அவ்வழியே நல்வழி. முதலிற் பாரக் கணக்கு. அடுத்து அந்த ஒரு வண்டியின் உடல்நிலை. அதன்பின் உத்தரவாதமும் முகவரும். பெயர்ப்பலகை இறுதியில் வரட்டும். வெளிநாட்டிலுள்ள உங்கள் உறவினர் எவரேனும் 'எந்தப் பெயரை வாங்கலாம்?' என்று கேட்பாராயின், 'உங்கள் பிக்கப்பின் கதவோரச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?' என்று திருப்பிக் கேளுங்கள்.