சொல்லவைத்தால் ஆறுமா?

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறியபோது கிழக்கிலங்கையின் வெருகல் கரையும் தப்பவில்லை. வள்ளம், வலை, வீடு, உறவு எல்லாம் ஒரே காலையில் போயின. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உலர் உணவும் கூடாரமும் கொண்டு வந்தவர்களோடு, மனக்காயம் ஆற்றவென்றும் பலர் இலங்கைக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் வந்தார்கள். அப்போது பரவலாக இருந்த முறையொன்று எளிமையானது: பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைப்பது. அழுதால் பாரம் குறையும் என்றுதானே நாமும் நம்புகிறோம்.

அந்த நம்பிக்கையை ஆய்வுகள் அதற்கு முன்பே சோதித்திருந்தன. 1997இல் வெளிவந்த ஒன்றில், தீக்காயம்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த அமர்வு கொடுக்கப்பட்டது, மற்றவர்களுக்கு இல்லை. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அமர்வு பெற்றவர்களில் 26 வீதத்தினருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய். பெறாதவர்களில் 9 வீதத்தினருக்கே. தனியே ஓர் ஆய்வை வைத்து முடிவெடுக்க முடியாது, அமர்வு பெற்றவர்களின் காயம் தொடக்கத்திலேயே கடுமையாக இருந்திருக்கலாம். அதனால்தான் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் தேடித் திரட்டி எடைபோடும் முறைசார் மீளாய்வு தேவைப்படுகிறது. இத்தகைய மீளாய்வுகளைச் செய்யவென்று 1993இல் தொடங்கிய கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, ஒரே அமர்வில் சொல்லவைப்பது மனவடுவைத் தடுக்கவில்லை, தீங்கும் செய்யலாம் என்று 2002இலேயே சொல்லியிருந்தது.

மீளாய்வு வேலையின் கனம் பதிப்பு மேசையில்தான் தெரியும். எந்தக் கேள்வி, எந்த ஆய்வு சேரும், எது சேராது என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்ற இடமில்லை. ஒவ்வொரு ஆய்வையும் இருவர் தனித்தனியே படித்து முடிவெடுப்பார்கள். ஒத்துவராவிட்டால் பேசித் தீர்ப்பார்கள், அல்லது மூன்றாமவர் தீர்ப்பார். தான் நடத்திய ஆய்வைத் தானே மதிப்பிடக் கூடாது. புள்ளிவிவர வல்லுநர் கணக்கைச் சரிபார்ப்பார்; வைத்தியரல்லாத பொதுமக்களிடமும் வாசிக்கக் கொடுப்பார்கள். இத்தனைக்கும் இடையில் தேடல் ஓராண்டு பழசாகிவிட்டால் திரும்பவும் தேட வேண்டும். யார் கையில் எந்தப் பிரதி, யார் பதில் அனுப்பவில்லை என்று விடாமல் பார்த்து நகர்த்தும் நிர்வாக ஆசிரியரின் பெயர் வெளியே அதிகம் தெரிவதில்லை. அவர் இல்லாவிட்டால் மீளாய்வு பாதியிலே கிடக்கும்.

கடல்கோளுக்குப் பின் கொக்ரேன் அமைப்பினர் பேரிடருக்குப் பொருந்தும் மீளாய்வுகளைத் தெரிந்தெடுத்துச் சுருக்கி, களத்தில் நிற்பவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் பிரதாப் தரியன் அதில் முன்னின்றார். 'எவிடன்ஸ் எய்ட்' என்ற அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் அதே வழியில் நிற்கிறது: பாதுகாப்பும் தேவையான உதவியும் கொடு, சொல்ல விரும்பினால் கேள், சொல்லும்படி வற்புறுத்தாதே.

2023 மார்ச்சில் பிரித்தானியாவிலுள்ள கொக்ரேன் மீளாய்வுக் குழுக்களுக்கான அரச நிதி நின்றுபோனது. நோயாளிக்கு நேரே மருந்து கொடுக்காத வேலை என்பதால் இந்த நிதியை வெட்டுவது சுலபம். என் கணிப்பில் இது பெரும் பிழை.

கொக்ரேனின் எளிய மொழிச் சுருக்கங்கள் பல தமிழிலும் இருக்கின்றன. கிழக்கில் வேலை செய்யும் தாதியரும் உளவளத்துணையாளர்களும் ஆசிரியர்களும் அவற்றை வாசியுங்கள். மொழிபெயர்க்கவும், வாசகராகப் பிரதியைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும் முன்வாருங்கள். அடுத்த முறை வெள்ளமோ புயலோ வந்து எங்கள் முகாமுக்கு யாராவது ஒரு புது முறையோடு வந்தால், இது எங்கே சோதிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.