நகல் கன்று பிழைக்க என்ன வழி?



நன்றாகக் கறக்கிற எருமை ஒன்று கொட்டிலில் நின்றால், "இதே மாதிரி இன்னும் நாலு இருந்தா கடனெல்லாம் அடைஞ்சிடுமே" என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எவ்வளவு உயர்ந்த சினை ஊசி போட்டாலும், பிறக்கிற கன்றுக்குப் பாதி குணம் தாய்வழி, பாதி குணம் தகப்பன்வழி. தாயைப் போலவே கறக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது. இந்தக் கலப்பு இல்லாமல், ஒரே மாட்டின் உயிரணுவிலிருந்து அதன் நகலாக இன்னொரு கன்றை உண்டாக்கும் முறைக்குக் குளோனிங் என்று பெயர். நகலாக்கம் என்றும் சொல்லலாம்.

இது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரி 6 அன்று சம்ரூபா என்ற எருமைக் கன்று இம்முறையில் பிறந்தது. சில நாளிலேயே நுரையீரல் நோயால் இறந்துவிட்டது. விஞ்ஞானிகள் விட்டுவிடவில்லை. அதே ஆண்டு ஜூன் 6 அன்று கரிமா பிறந்து, இரண்டு வயதைத் தாண்டி வாழ்ந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இரண்டாம் கரிமா வளர்ந்து, சினையாகி, 2013 ஜனவரி 25 அன்று மகிமா என்ற கன்றை ஈன்றது. நகலாகப் பிறந்த எருமையும் மற்ற எருமை போலவே கன்று போடும் என்பது இதனால் தெரிந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல மாட்டின் காதிலோ வாலிலோ துளி தோல் எடுத்து, அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பார்கள். இன்னொரு மாட்டின் கருமுட்டையை எடுத்து, அதன் உட்கருவை நீக்கிவிடுவார்கள். அந்த வெறும் முட்டையோடு தோல் உயிரணுவை மின்சாரத் துடிப்பால் ஒட்ட வைப்பார்கள். அது ஏழெட்டு நாள் வளர்ந்து கருவானதும், மூன்றாவது மாட்டின் கருப்பையில் வைப்பார்கள். 2023 மார்ச் 16 அன்று கர்னாலில் பிறந்த கங்கா என்ற கிர் இனக் கன்றுக்கு உயிரணு கிர் பசுவுடையது, முட்டை சாகிவால் பசுவுடையது, சுமந்தது கலப்பினப் பசு. பிறந்தபோது கன்றின் எடை 32 கிலோ.

கேட்கச் சுலபம், சேதாரம்தான் அதிகம். 1996-இல் இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறி ஆடு பிறந்தது. அதற்காக ஒட்ட வைத்த முட்டைகள் 277. கருவாகத் தேறியவை 29. உயிரோடு பிறந்தது டாலி ஒன்றுதான். மாடுகளில் இன்றைக்கும் 100 கரு வைத்தால் உயிரோடு கிடைக்கும் கன்று பொதுவாக இருபதுக்கும் குறைவே. எங்கே நஷ்டமாகிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் சேதம் முட்டையில். கண்ணுக்குத் தெரியாத முட்டையை நுண்ணிய ஊசியால் குத்தி உட்கருவை எடுக்க விலையுயர்ந்த கருவியும் பழகின கையும் வேண்டும். கர்னாலில் எருமைக்குக் கையாண்டது வேறு வழி. முட்டையின் மேலுறையைக் கரைத்துவிட்டு, சிறு கத்தியால் கையாலேயே நறுக்கி, உட்கரு உள்ள பகுதியை ஒதுக்குவார்கள். செலவு குறைவு, ஒரே நாளில் பல முட்டைகளைச் செய்யலாம். முட்டை சரியான பக்குவத்தில் இருப்பதும் முக்கியம்.

இரண்டாவது சேதம்தான் பெரியது. காஞ்சிபுரம், முசரவாக்கம் பக்கத்து மக்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் விளங்கும். சேலையின் கரை, உடல், முந்தானை எல்லாவற்றுக்கும் உரிய டிசைன் அட்டைகள் ஒரு கட்டாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் முழு மாட்டுக்குரிய அட்டைகள் அப்படி இருக்கின்றன. ஆனால் தோல் உயிரணு, தோலுக்கு வேண்டிய அட்டையை மட்டும் ஓட்டிக்கொண்டு, மற்றதைக் கட்டி மூலையில் போட்டுவிடுகிறது. முட்டைக்குள் போனதும் அந்தக் கட்டெல்லாம் அவிழ்ந்து, முதல் அட்டையிலிருந்து நெசவு தொடங்க வேண்டும். சில கட்டு அவிழாமல் நின்றால் தொடக்கத்தில் தெரியாது. முந்தானை வரும்போதுதான் தப்பு தெரியும். அதனால்தான் நன்றாக வளர்ந்த கருவும் ஐந்தாறு மாதத்தில் கலைந்துபோகிறது.

இந்தக் கட்டை அவிழ்க்க மருந்து உண்டு. ஒட்ட வைத்த முட்டையைச் சில மணி நேரம் டிரைக்கோஸ்டேட்டின் என்ற மருந்தில் வைத்தபோது, சுண்டெலி நகலாக்கத்தில் வெற்றி ஐந்து மடங்குக்கு மேல் கூடியதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டார்கள். டாலிக்குச் செய்தது போல, உயிரணுவைச் சில நாள் ஊட்டம் குறைத்து ஓய்வு நிலைக்குக் கொண்டுவருவதும் ஒரு வழி.

மூன்றாவது சேதம் கருப்பையில். நகல் கருவின் நஞ்சுக்கொடி தாயோடு சரியாகப் பிடிப்பதில்லை. நீர் கோத்துக்கொள்ளும், கன்று அளவுக்கு மீறிப் பெருக்கும். ஆகவே சுமக்கும் மாடு நோயில்லாமலும் உடற்கட்டோடும் இருக்க வேண்டும். ஏழு நாள் கருவை வைக்க, பருவம் முடிந்து ஏழு நாளான மாடுதான் வேண்டும். நாள் தவறினால் கரு தங்காது.

நான்காவது சேதம் பிறந்த பிறகு. சம்ரூபாவை நாம் இழந்தது இங்கேதான். மூச்சுத் திணறல், கனத்த தொப்புள், பால் குடிக்கச் சக்தியில்லாமை எல்லாம் நகல் கன்றுகளில் அதிகம். ஈன்ற நேரத்திலிருந்தே மருத்துவர் பக்கத்தில் இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

"சரிங்க, எங்க எருமைக்கும் செய்து தருவாங்களா?" என்று கேட்பீர்கள். வீட்டு மாட்டுக்குச் செய்யும் அளவுக்கு இது இன்னும் வரவில்லை. சந்தையில் யாராவது "இது குளோனிங் கன்னுங்க" என்று சொல்லி அதிக விலை கேட்டால் நம்பிவிடாதீர்கள். நகலுக்குத் திட்டும் சுட்டியும்கூட அதே இடத்தில் அமையாது, பார்வையால் யாரும் சொல்ல முடியாது. பலன் உங்களுக்கு வரக்கூடிய வழி கிடாவின் மூலமாகத்தான். ஒரு நல்ல கிடாவிலிருந்து ஆயிரக்கணக்கான உறைவிந்துக் குச்சி கிடைக்கும். அந்தக் கிடா கிழடானாலும் அதன் நகல் இருந்தால் வித்து நிற்கும். அதற்காகவே ஹிசாரில் உள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிலையத்தில் ஹிசார் கௌரவ் என்ற நகல் கிடாவை 2015 டிசம்பர் 11 அன்று பிறக்கச் செய்தார்கள். ஆனாலும் ஊரெல்லாம் ஒரே கிடாவின் வித்தாகிவிட்டால், ஒரு நோய்க்கு எல்லாம் ஒன்றாகப் போய்விடும். ஆகவே நம் நாட்டு மாடுகளையும் விட்டுவிடக்கூடாது.

எந்த வித்தானாலும் அது தங்குவது உங்கள் கவனிப்பில். எருமைக்கு ஊமைப்பருவம் உண்டு, கத்தாது. விடியற்காலையிலும் இரவிலும் கண்ணாடி போன்ற வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடச் சொல்லுங்கள். கன்று பிறந்த அரை மணிக்குள் சீம்பால் ஊட்டுங்கள். 30 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தினமும் கறக்கிற பாலை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு உயர்ந்த மாட்டைத் தேடி யார் வந்தாலும், கணக்கு உள்ள மாட்டைத்தான் எடுப்பார்கள்.