நெகிழும் மூட்டும் தாங்கும் தசையும்

கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட்டுக் காட்டும் மாணவன் ஒருவனைப் பல வகுப்புகளிற் காணலாம். ஏனையோர் வியந்து கைதட்டுவர். அவனே மாலையில் முழங்கால் நோகின்றதென்று மைதானத்தின் ஓரத்தில் ஒதுங்கினால், சோம்பேறி என்று பெயர் பெறுவான். வியப்பும் நோவும் ஒரே காரணத்தால் விளையக்கூடும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலமென எண்ணி இதனை எழுதுகின்றோம்.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களே மூட்டுக்கு எல்லை வகுப்பன. சிலருக்கு அந்நார்கள் பிறவியிலேயே நெகிழ்வானவை. இதனை மூட்டு மிகைநெகிழ்வு என்பர். இது குடும்பவழி வருவது. சிறுவரிடமும் பெண்களிடமும் மிகுதி. ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. பெரும்பாலோருக்கு இதனால் யாதொரு தீங்குமில்லை. ஆயினும் சிலரிடத்து, நார் செய்யவேண்டிய காவலையும் தசையே செய்யவேண்டியிருத்தலின், தசை விரைவிற் களைக்கின்றது; மூட்டு நோகின்றது; கணுக்கால் அடிக்கடி பிசகுகின்றது.

இதனை அளக்க மருத்துவர் பெய்ட்டன் அளவை என்பதைக் கையாளுவர். இரு சிறுவிரல்கள், இரு கட்டைவிரல்கள், இரு முழங்கைகள், இரு முழங்கால்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒரு புள்ளி; முழங்கால் மடியாது உள்ளங்கைகளை நிலத்தில் ஊன்றினால் இன்னொரு புள்ளி; ஆக 9. பொதுவாக வளர்ந்தோர்க்கு 5, சிறுவர்க்கு 6 புள்ளிகள் வந்தால் மிகைநெகிழ்வு எனக் கொள்வர்.

எமது அயல் நகராகிய கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனை அறியாதார் இலர். அவரது முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராதது. மணிக்கட்டோ வியக்கத்தக்க நெகிழ்வுடையது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் அவரது பந்துவீச்சை ஆராய்ந்தனர். ஓருடலிலேயே ஒரு மூட்டு இறுகியும் மற்றொன்று நெகிழ்ந்தும் இருக்கலாம் என்பதற்கு அவர் சான்று. 800 டெஸ்ட் விக்கெட்டுகளை ஈட்டித் தந்தது நெகிழ்வு மாத்திரமன்று. அதனை ஆண்ட ஓயாத பயிற்சியுமாம். அத்தகைய வீரருக்கும் 2004இல் தோளிற் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று.

ஆதலின் நெகிழ்ந்த மூட்டை மேலும் வளைத்துப் பழகுதல் தகாது. அதனைச் சூழ்ந்த தசையை வலுப்படுத்துதலே தக்கது. சுவரிற் கையூன்றித் தள்ளுதல், நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தமர்தல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுதல் என்பன வீட்டிலேயே செய்யத்தக்கவை. சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. நோவுக்கு அஞ்சி முற்றாக ஓய்ந்திருந்தால் தசை மேலும் தளரும். காலைக் கூட்டத்தில் நிற்கையில் முழங்காலைப் பின்னோக்கி வளையவிடலாகாது. புத்தகப்பையை இரு தோள்களிலும் சுமக்கவேண்டும். எல்கடுவ, இரத்தோட்டை மலைச்சரிவுகளில் இறங்கி வரும் பிள்ளைகளுக்குக் கணுக்காலை இறுகப் பிடிக்கும் சப்பாத்து உதவும். வேடிக்கைக்காக மூட்டை வளைத்துக் காட்டுவதைத் தடுக்கவேண்டும்.

தோள்மூட்டு விலகினால் மைதானத்தில் இழுத்துப் பொருத்த முயலாது, கையை அசையாமற் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுக. மூட்டு பன்முறை விலகினாலும், தோல் மிகுதியாக இழுபட்டு அகன்ற தழும்புகள் விழுந்தாலும், மிக நெடிய உடலோடு கண்பார்வைக் குறையோ நெஞ்சுக் கோளாறோ காணப்பட்டாலும், மருத்துவரைக் காணத் தாமதிக்கலாகாது. அரசாங்க மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை.

நோகின்றது என்று பிள்ளை சொல்லும்போது முதலில் அதனை நம்புவோம். பின்னர் அவனை மைதானத்தின் ஓரத்தில் விட்டுவிடாது, அவன் உடலுக்கேற்ற பயிற்சியைக் கொடுத்து மீண்டும் ஆட்டத்துக்கு அழைத்து வருவோம்.